மூணு பேர் போதுமாம்

2024 ஜூன் 27 அன்று ஜியோ தன் கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாள் ஏர்டெல் அறிவித்தது. அதே நாளில் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தது. ஜூலை 4க்குள் மூன்று உயர்வுகளும் அமலுக்கு வந்துவிட்டன. நூறு கோடிக்கு மேல் இணைப்புகள் உள்ள ஒரு நாட்டில், அடிப்படைச் சேவை ஒன்றின் விலை ஏறுவதற்குச் சுமார் ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பியபோது, டிராய் வகுத்த சட்டகத்துக்குள் சந்தைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது.

சரி, சந்தைதான் தீர்மானிக்கிறது. அந்தச் சந்தையில் யார் இருக்கிறார்கள்? மூன்று தனியார் நிறுவனங்கள். ஓரமாக, அப்போது 4ஜியையே முழுசாகக் கொண்டுவந்திராத பிஎஸ்என்எல். அவ்வளவுதான் சந்தை.

2010இல் தமிழ்நாட்டில் சிம் வாங்கப் போனால் கடைக்காரர் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டுவார். ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், ரிலையன்ஸ், டாடா டோகோமோ, ஐடியா, எம்டிஎஸ், யூனிநார், பிஎஸ்என்எல். அதற்கு முந்தைய ஆண்டுதான் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று கடை போட்டிருந்தது. அதுவரை ஒரு நிமிடம் மூன்று நொடி பேசினாலும் இரண்டு நிமிடத்துக்குக் காசு போகும். இருபது வருஷம் போனால் இதை நம்பவே மாட்டார்கள். டோகோமோ வந்த சில மாதங்களில் மற்றவர்களும் நொடிக் கணக்குக்கு மாறினார்கள். எந்த அமைச்சரும் உத்தரவு போடவில்லை. வாடிக்கையாளர் போய்விடுவார் என்கிற பயம்தான் உத்தரவு போட்டது.

அத்தனை நிறுவனங்கள் ஒரு நாட்டுக்குத் தாங்குமா என்பது நியாயமான கேள்விதான். அவற்றில் சில எப்படி உள்ளே வந்தன என்பதும் நமக்குத் தெரியும். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்துசெய்தது அதனால்தான். ஒன்பது கடை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒன்பதுக்கும் மூன்றுக்கும் நடுவில் சில எண்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தபோது, குதிக்கலாமா என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களைக் கேட்கவிடாமல் செய்த வாதங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான்கு பல்லவிகள்

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்குவதை அரசு கடுமையாகச் சோதிக்கக் கூடாது என்பதற்குத் தொழில்துறை சொல்லும் காரணங்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றேதான். நாடு மாறும், கோட்டு சூட்டின் நிறம் மாறும், பல்லவி மாறாது.

ஒன்று: இது முதலீடு அதிகம் விழுங்கும் தொழில், பெரிதாக இருந்தால்தான் அடுத்த தலைமுறை நெட்வொர்க்கைக் கட்ட முடியும். இரண்டு: இணைந்தால் செலவு குறையும், அந்த மிச்சம் வாடிக்கையாளருக்கு வந்து சேரும். மூன்று: வேலைவாய்ப்பு பெருகும், குறைந்தபட்சம் குறையாது. நான்கு: இணைய விடாவிட்டால் நலிந்த நிறுவனம் செத்துப்போகும், அப்போதும் போட்டி குறையத்தானே போகிறது?

இவற்றை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. டவர், ஃபைபர், அலைக்கற்றை எல்லாமே காசு தின்னும் சமாசாரங்கள். ஆனால் நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஒரு ஒற்றுமை தெரியும். நான்குமே எதிர்காலம் பற்றிய வாக்குறுதிகள். அவற்றைச் சரிபார்க்கத் தேவையான கணக்கு வாக்குக் கொடுப்பவரின் கையில்தான் இருக்கிறது. வாக்கு பொய்த்தால் இழப்பு மட்டும் நம்முடையது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: திரும்பி வர வழி தெரியாமல் புரொடக்‌ஷனில் கை வைக்காதே. எவ்வளவு சின்ன மாற்றமாக இருந்தாலும் ரோல்பேக் திட்டம் என்ன என்று மேலே இருப்பவர் கேட்பார். பதில் இல்லையென்றால் அனுமதி இல்லை. டேட்டாபேஸின் அமைப்பையே மாற்றுவது போன்ற, பின்வாங்கவே முடியாத வேலைகளும் இருக்கின்றன. அவற்றுக்குச் சோதனை பத்து மடங்கு கடுமையாக இருக்கும். எரிச்சல்படுவோம், தாமதம் என்று முணுமுணுப்போம், ஆனாலும் அது நியாயம் என்று உள்ளுக்குள் தெரியும்.

இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்பு அப்படிப்பட்ட வேலை. இணைந்த சில மாதங்களிலேயே ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு தளங்களில் ஒன்றை மூடுவார்கள். அலைக்கற்றையை ஒன்றாக்கி மறுபடி பங்கிடுவார்கள். பில்லிங் அமைப்பு ஒன்றாகும். ஒரு தரப்பின் பணியாளர்கள் வீட்டுக்குப் போவார்கள். ஐந்து வருஷம் கழித்து, சொன்னது எதுவும் நடக்கவில்லையே, பிரித்துவிடலாமா என்று கேட்டால் பிரிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. கூட்டாஞ்சோறு கிண்டிய பிறகு அரிசியைத் தனியாகவும் பருப்பைத் தனியாகவும் எடுக்க முடியுமா? அதனால்தான் கேள்வி எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டியிருக்கிறது. இதை முட்டுக்கட்டை என்கிறார்கள். எங்கள் ஆபீஸில் இதற்குப் பெயர் பொறுப்பு.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் விதிகள் அளவுக்கு மீறிக் கடுமையாக இருந்தன, அதனால்தான் தொழில் தள்ளாடியது என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

போட்டிச் சட்டம் நிறைவேறியது 2002இல். இணைப்புகளை முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெற வேண்டும் என்பது 2007 திருத்தத்தில் கட்டாயமானது. தொழில் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. காத்திருப்புக் காலம் நீளம், முதலீடு ஓடிவிடும் என்றன. அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 1 அன்று. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து! அதன் பிறகு வந்த முதல் பத்தாண்டில் போட்டி ஆணையம் எந்த இணைப்பையும் முழுசாகத் தடுக்கவில்லை. சிலவற்றை மாற்றங்களோடு அனுமதித்தது, மிகப் பெரும்பாலானவற்றை அப்படியே அனுமதித்தது.

தொலைத்தொடர்புக்குத் தனி விதிகளும் இருந்தன. 2014 விதிகளின்படி, இணைந்த நிறுவனத்தின் பங்கு ஒரு வட்டத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்த அலைக்கற்றையில் 25 சதவீதத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. 2018 மார்ச்சில் அந்த 25, 35 ஆனது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனியாக இருந்த 50 சதவீத வரம்பும் போனது. 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றுக்கு மட்டும் மொத்தமாக ஒரு வரம்பு நின்றது. அந்த ஆண்டு மே மாதம் டெலினார் ஏர்டெலுக்குள் போனது. ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019 ஜூலையில் டாடாவின் மொபைல் வாடிக்கையாளர்களும் ஏர்டெலுக்குப் போனார்கள்.

வோடஃபோன் ஐடியா இணைப்பை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் பிறந்துவிட்டது என்றார்கள். 40 கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள், ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் மிச்சம் என்றார்கள். இன்று அந்த வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். 2025 ஏப்ரலில் அரசு தனக்கு வரவேண்டிய பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்ட பிறகு, அந்த நிறுவனத்தின் 48.99 சதவீதம் இந்திய அரசுடையது. அதாவது உங்களுடையது, என்னுடையது. அரசு தலையிடாமல் இருந்தால் செழிக்கும் என்று சொல்லப்பட்ட இணைப்பு, அரசே பங்குதாரராக வந்து தோள் கொடுத்தால்தான் நிற்கும் என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

ஏஜிஆர் தீர்ப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பார்கள். 2019 அக்டோபர் 24 தீர்ப்பு பேரிடிதான், மறுக்கவில்லை. ஜியோ இலவசமாகக் கொடுத்த அடியும் பேரிடிதான். ஆனால் ஏஜிஆர் வழக்கு பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் கிடந்தது, 2018இல் அது ரகசியமே இல்லை. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். இரண்டும் கண் முன்னால் இருந்தபோதுதான் அந்த 14,000 கோடிக் கணக்கு நமக்குக் காட்டப்பட்டது. தப்பாய்ப் போகக்கூடிய விஷயங்களைக் கணக்கில் சேர்க்காத கணக்கை நம்பித்தான் ஒரு போட்டியாளரை இழந்தோம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்த இணைப்புக்கு அனுமதி தரும் முன் தொலைத்தொடர்புத் துறை 7,268 கோடி ரூபாய் கேட்டது. அதில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி வங்கி உத்தரவாதம். நிறுவனங்கள் ஆட்சேபத்தைப் பதிவுசெய்துவிட்டுக் கட்டின. ஆக, வங்கி உத்தரவாதம் வாங்க அரசுக்குத் தெரிந்திருக்கிறது. தன் வருமானத்துக்காக வாங்கத் தெரிந்திருக்கிறது. விலை ஏறாது, சேவை குறையாது, கிராமத்து டவர் மூடப்படாது என்று நம் பொருட்டு ஒரு ரூபாய்க்காவது உத்தரவாதம் வாங்கியதா? இல்லை.

அந்த 2018இன் இறுதியிலேயே லைஃப்டைம் சிம் செத்துப்போனது. ஒரு முறை காசு கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங் இலவசம் என்று விற்ற சிம்களுக்கு, 28 நாளைக்கு 35 ரூபாய் போடாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று குறுஞ்செய்தி வந்தது. டிராய் கண்டித்தது. கண்டிப்பு போய்விட்டது, 35 நின்றது. பிறகு அதுவும் நிற்கவில்லை. ஏர்டெலின் குறைந்தபட்ச ரீசார்ஜ் 45 ஆகி, 79 ஆகி, 99 ஆகி, 155 ஆகி, 2024 ஜூலையில் 199இல் வந்து நின்றது. டேட்டா மலிவாகிவிட்டதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்றது, பத்து ரூபாய் அளவுக்கு வந்தது. அந்த விலை விழுந்தது புதிதாக ஒருவர் உள்ளே வந்ததால், இருந்தவர்கள் இணைந்ததால் அல்ல. போட்டி கொடுத்த பரிசை இணைப்பின் கணக்கில் எழுதக் கூடாது.

டேட்டாவே வேண்டாதவர்களின் கதி என்ன? சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் ஃபோன் வைத்திருப்பதாக டிராயே கணக்குச் சொன்னது. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, கீரைக்கட்டு விற்கும் பாட்டிக்கு, தினம் ஒன்றரை ஜிபி எதற்கு? எட்டுக் கடை இருந்தால் அவர்களுக்காக ஒருவனாவது கடை போடுவான். மூன்று கடையில் யாரும் போடவில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுங்கள் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவே போட வேண்டியிருந்தது. அதையும் நிறுவனங்கள் எதிர்த்தன. கடைசியில் 84 நாள், 365 நாள் திட்டங்களாகக் கொண்டுவந்தன. 84 நாளைக்கு நானூறு ரூபாய்க்கு மேல், ஒரே தடவையில். தினக்கூலி வாங்குபவர் அதை ஒரே தடவையில் எங்கிருந்து எடுப்பார்?

ஏர்செல்லைக் கொன்றது யார்?

நான்காவது பல்லவிக்கு நம் ஊரிலேயே ஆதாரம் காட்டுவார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் போனதும், நம்பரை மாற்றிக்கொள்ள லட்சக்கணக்கான பேர் அலைந்ததும் நினைவிருக்கும். வங்கியில், கேஸ் புக்கிங்கில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஏர்செல் திவால் மனு போட்டது. இணைய விட்டிருந்தால் பிழைத்திருக்குமே என்பார்கள்.

ஏர்செல்லும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் இணையப்போவதாக 2016 செப்டம்பரில் அறிவித்தன, 2017 அக்டோபரில் கைவிட்டன. சட்ட, ஒழுங்குமுறைச் சிக்கல்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் போட்டி ஆணையம் அந்த இணைப்புக்கு 2017 மார்ச்சிலேயே பச்சைக்கொடி காட்டியிருந்தது. தடையாக நின்றவை வேறு: பாக்கி வரவேண்டிய கடன்காரர்களின் ஆட்சேபம், ஏர்செல்லின் அலைக்கற்றை மீது விழுந்த வழக்கின் நிழல். இரண்டு நிறுவனங்களும் கழுத்தளவு கடனில் இருந்தன. நீச்சல் தெரியாத இரண்டு பேரைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் மிதப்பார்களா? ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் பிறகு திவாலுக்குத்தான் போனது. ஏர்செல்லின் சாவுக்குப் பல பேர் பதில் சொல்ல வேண்டும், கடுமையான இணைப்பு விதி அந்தப் பட்டியலில் இல்லை.

தடுத்தால் என்ன ஆகும்?

கடுமையாகத் தடுத்திருந்தால் நம் கதை எப்படிப் போயிருக்கும்? இதற்கு இந்தியாவில் விடை தேட முடியாது, ஏனென்றால் நாம் தடுத்ததே இல்லை. ஒரே சந்தையில் ஒரு முறை தடுத்து, ஒரு முறை விட்டுப் பார்த்த நாடு அமெரிக்கா. சோதனைக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அபூர்வம்.

2011 மார்ச்சில் ஏடி அண்ட் டி, டி-மொபைலின் அமெரிக்கக் கிளையை 3,900 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. பல்லவி அதேதான். டி-மொபைல் இருந்தால்தான் 4ஜி எல்டிஇயை 80 சதவீத மக்களிலிருந்து 97 சதவீத மக்களுக்குக் கொண்டுபோக முடியும் என்றார்கள். ஆகஸ்டில் ஒரு வேடிக்கை நடந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசிக்கு அனுப்பிய கடிதம் ஒன்று தவறுதலாகப் பொதுவெளியில் வந்துவிட்டது. அந்த 17 சதவீதத்துக்கு ஆகும் கூடுதல் செலவு சுமார் 380 கோடி டாலர்தான் என்று அதில் இருந்தது. 380 கோடியில் முடிகிற வேலைக்கு 3,900 கோடி கொடுப்பது எதற்கு? மீதிக் காசு எதை வாங்குகிறது? ஒரு போட்டியாளர் இல்லாமல் போவதை வாங்குகிறது என்பதைத் தவிர வேறு நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 31 அன்று நீதித்துறை வழக்குப் போட்டது. டிசம்பர் 19 அன்று ஏடி அண்ட் டி பின்வாங்கியது. வானம் இடிந்து விழுந்ததா? 2012 நவம்பரில் அதே ஏடி அண்ட் டி, 2014 முடிவதற்குள் 30 கோடிப் பேருக்கு எல்டிஇ கொண்டுபோவதாகத் தானே அறிவித்தது. டி-மொபைல் இல்லாமல் முடியாது என்ற வேலை டி-மொபைல் இல்லாமலே நடக்க ஆரம்பித்தது. நலிந்த நிறுவனம் என்று பரிதாபப்பட்டார்களே, அந்த டி-மொபைல்? ஒப்பந்தம் முறிந்ததற்கு ஈடாக 300 கோடி டாலர் ரொக்கமும் அலைக்கற்றையும் வாங்கிக்கொண்டு, 2013இல் இரண்டு வருஷ ஒப்பந்த முறையைத் தூக்கி எறிந்தது. பெரிய நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தன. நம் டோகோமோ கதையின் அமெரிக்கப் பதிப்பு.

இப்போது இரண்டாவது பாதி. அதே டி-மொபைல், நான்காவது இடத்தில் இருந்த ஸ்பிரிண்ட்டை வாங்கப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது. முதல் நாளிலிருந்தே வேலைவாய்ப்பு கூடும் என்று அதன் தலைவர் ஜான் லெஜர் சொன்னார். மூன்று ஆண்டுகள் விலை ஏற்ற மாட்டோம் என்று நிறுவனம் உறுதி கொடுத்தது. நியூயார்க், கலிஃபோர்னியா தலைமையில் பல மாநிலங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2020 பிப்ரவரியில் நீதிபதி விக்டர் மரேரோ நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இரண்டு தரப்பு நிபுணர்களின் முன்கணிப்புகளும் நேர் எதிராக இருந்ததால், நிறுவனத் தலைவர்களின் சாட்சியம் நம்பும்படி இருக்கிறது என்பதற்கு அதிக எடை கொடுத்தார். 2020 ஏப்ரல் 1 அன்று இணைப்பு முடிந்தது.

இணைவதற்கு முன் இரண்டு நிறுவனங்களிலும் சேர்த்துச் சுமார் 80,000 பேர் வேலை பார்த்தார்கள். 2023 முடிவில் 67,000 பேர். அந்த ஆண்டு மட்டும் சுமார் 5,000 பேரை அனுப்பினார்கள். மூன்று ஆண்டு உறுதி முடிந்த பிறகு, 2024இல் பழைய திட்டங்களின் விலை ஏறியது. ஏற்ற மாட்டோம் என்ற வாக்கை அவர்கள் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். வாக்குக்கு மூன்று ஆண்டு ஆயுசு, இணைப்புக்கு நிரந்தர ஆயுசு. இந்தக் கணக்கு அரசுக்குப் புரியவில்லையா, புரிந்தும் கையெழுத்துப் போட்டதா?

நான்காவது போட்டியாளர் போய்விடக் கூடாதே என்று நீதித்துறை ஒரு மாற்று ஏற்பாடு செய்திருந்தது. டிஷ் என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்திடம் ஸ்பிரிண்ட்டின் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்களை ஒப்படைத்து, நீங்கள் புதிதாக ஒரு நெட்வொர்க் கட்டுங்கள் என்றார்கள். கட்டிய வரைக்கும் கட்டினார்கள். 2025 ஆகஸ்டில் டிஷ்ஷின் தாய் நிறுவனமான எக்கோஸ்டார் தன் அலைக்கற்றையில் பெரும் பகுதியைச் சுமார் 2,300 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டிக்கும், அடுத்த மாதம் இன்னொரு பகுதியைச் சுமார் 1,700 கோடி டாலருக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்க ஒப்புக்கொண்டது. காகிதத்தில் வரைந்த நான்காவது நெட்வொர்க்கின் ஆயுள் ஐந்து ஆண்டு. செத்த போட்டியாளருக்குப் பதிலாக அரசு இன்னொருவரைச் செய்து வைக்க முடியாது என்பதுதான் இதில் நமக்குப் பாடம். இருக்கிறவரைக் காப்பாற்றுவதுதான் எளிது.

தலையிடாதே, ஆனால் தலையிடு

அரசு விலகி நிற்க வேண்டும் என்பது இவர்களுடைய கொள்கையாக இருந்தால் மரியாதையோடு மறுத்துவிட்டுப் போகலாம். ஆனால் அது கொள்கையே இல்லை. ஜியோ இலவசம் கொடுத்தபோது போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டியது ஏர்டெல். 2017 ஜூனில் ஆணையம் அந்தப் புகாரை நிராகரித்தது. 2019 இறுதியில் கட்டணத்துக்குத் தரை விலை வேண்டுமா என்று டிராய் கருத்துக் கேட்டபோது, வேண்டும் என்றன நிறுவனங்கள். ஒரு ஜிபிக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய் என்று அரசே நிர்ணயிக்க வேண்டும் என 2020இல் வோடஃபோன் ஐடியா கேட்டது.

இணையும்போது சந்தை சுதந்திரம். விலை விழும்போது அரசுப் பாதுகாப்பு. பாக்கி கட்ட முடியாதபோது அரசு முதலீடு. இவர்களுக்கு ஒழுங்குமுறை பிடிக்காது என்று யார் சொன்னது? நம்மைக் காக்கும் ஒழுங்குமுறைதான் பிடிக்காது.

அரசு மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. அலைக்கற்றையை விற்கும் வியாபாரியும் அரசு, பிஎஸ்என்எல்லின் முதலாளியும் அரசு, வோடஃபோன் ஐடியாவின் பங்குதாரரும் அரசு, இணைப்புக்கு அனுமதி தருவதும் அரசு. 2ஜி உரிமங்களைக் கொடுத்ததும் இதே அரசுதான். ஆனால் இதிலிருந்து விதி தளர வேண்டும் என்ற முடிவு வராது, விதி இறுக வேண்டும் என்ற முடிவுதான் வரும். தளர்ந்த விதிதான் அமைச்சரின் அறைக்குள் பேரம் பேச இடம் கொடுக்கிறது. எழுதப்பட்ட, எல்லாரும் படிக்கக்கூடிய, எண்களில் சொல்லப்பட்ட விதி அந்த அறையின் கதவைத் திறந்து வைக்கிறது.

பிறகு, செலவைக் குறைக்க இணைந்துதான் ஆக வேண்டுமா? 2007இல் ஏர்டெலும் வோடஃபோனும் ஐடியாவும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கின. மூன்று நிறுவனங்களும் ஒரே டவரில் ஏறிக்கொண்டு, கீழே கடையில் ஒன்றோடொன்று சண்டை போட்டன. இரும்பைப் பங்கிடலாம், டீசல் செலவைப் பங்கிடலாம், ரோமிங் ஒப்பந்தம் போடலாம். எதிர்க்கடையின் ஷட்டரை இறக்காமலே பெரும் பகுதி மிச்சம் பிடிக்கலாம் என்பதை அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள்.

கேட்க வேண்டியது

நான் கேட்பது நான்கே விஷயங்கள். முதலாவது, ஒரு வட்டத்தில் போட்டியாளர் எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகும், மூன்றிலிருந்து இரண்டாகும் இணைப்பு என்றால், கெடுதல் வராது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனங்களுடையதாக இருக்க வேண்டும், அரசுடையதாக அல்ல. இரண்டாவது, அந்த மிச்சத்தைப் பகிர்வின் மூலம் ஏன் அடைய முடியாது என்று அவர்கள் கணக்கோடு காட்ட வேண்டும், அந்தக் கணக்கு பொதுவெளியில் இருக்க வேண்டும். 380 கோடி டாலர் கடிதம் தவறுதலாக வெளிவந்ததால்தான் அமெரிக்காவுக்கு உண்மை தெரிந்தது. உண்மை தெரிவதற்கு நாம் யாரோ ஒரு குமாஸ்தாவின் கைத்தவறை நம்பியிருக்க முடியாது. மூன்றாவது, விலை, வேலை, கிராமத்துச் சேவை பற்றிய ஒவ்வொரு வாக்குறுதிக்கும் வங்கி உத்தரவாதம். அரசு தன் பாக்கிக்கு வாங்கியதைப் போலவே, நமக்காகவும். நான்காவது, இணைந்து ஐந்தாண்டுகள், ஆண்டுதோறும் சொன்னது என்ன, நடந்தது என்ன என்று ஒரு பொது அறிக்கை.

இதனால் இணைப்புகள் தாமதமாகும். ஆகட்டும். 2023 திருத்தம் போட்டி ஆணையத்தின் கால வரம்பை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்திருக்கிறது. தொழில்துறைக்கு மகிழ்ச்சி. திரும்பி வரவே முடியாத முடிவுக்கு ஐந்து மாதம்.

இதெல்லாம் முடிந்துபோன கதை, இனி இணைய யார் மிச்சம் என்று நினைக்காதீர்கள். வோடஃபோன் ஐடியாவின் நிலைமை நமக்குத் தெரியும். ஒரு நாள் அதன் வாடிக்கையாளர்களையோ அலைக்கற்றையையோ மற்ற இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு வரலாம். அப்போதும் அதே பல்லவிதான் பாடுவார்கள். முதலீடு வேண்டும், 6ஜி வருகிறது, வேலைகளைக் காப்பாற்ற வேண்டும், நலிந்தவன் சாகக் கூடாது. தொலைக்காட்சி விவாதத்தில் நிபுணர் ஒருவர் வந்து, உலகம் முழுக்க இப்படித்தான், ரெண்டு பேர் போதும் என்பார். அன்றைக்கு அவரிடம் 14,000 கோடி எங்கே போனது என்று கேளுங்கள். 35 ரூபாய் எப்படி 199 ஆனது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.